அணையாத ஹீட்டர்

ஹலோ... ம், அக்காதான் பேசுறேன், சொல்லுடா... கேக்குது, கேக்குது... மலைப்பாதையில மண் சரிஞ்சிருச்சா? சரி... எல்லா வண்டியும் வரிசையா நிக்குதா... சரி, அதுக்கு எனக்கு எதுக்குடா போன்? நான் வண்டி ஒயரிங் கடைதானே வச்சிருக்கேன், மண் அள்ற மெஷினா வச்சிருக்கேன்?

ஓ... லாரி ஸ்டார்ட் ஆகலையா. எப்படி, சுத்தமா சத்தமே இல்லையா?... முனகுதா. சரி. அப்போ பேட்டரி இறங்கிருச்சு... நேத்துதான் சார்ஜ் போட்டியா? புது பேட்டரியா?

இரு, இரு. அண்ணே, அந்த கிரைண்டரைக் கொஞ்சம் நிறுத்துங்கண்ணே! தம்பி பேசுறான்... ம், இப்போ சொல்லு. பனி பெய்யுதா?... கண்ணாடி மேலெல்லாம் இருக்கு. பானெட் மேல?... இல்லையா? சுத்தமா இல்லையா?

சாவி எங்க இருக்கு?... கையிலயா? எப்போ ஆஃப் பண்ணே?... அவ்வளவு நேரமாச்சா... அப்போ பானெட் ஜில்லுனு இருக்கணுமேடா. கை வச்சுப் பாரு... சிரிக்காதே. "கதகதப்பா இருக்கு, டீ போடலாம்"னு கிண்டல் பண்ற நேரமா இது? திற. திறந்து மோந்து பாரு... என்ன வாசனை?... பிளாஸ்டிக் கருகினாப்லயா?

சரி. பதறாதே. நான் சொல்றதை மட்டும் செய். இன்ஜினுக்குள்ள போற காத்தைச் சூடாக்க ஒரு ஹீட்டர் இருக்குல்ல... ஆமா, குளிருக்கு. அதுக்கு கரண்ட் குடுக்கிற சுவிட்ச், ரிலேன்னு ஒண்ணு ஓரமா இருக்கும், டப்பி மாதிரி. ரெண்டு தடி போல்ட்டு, ரெண்டு மெல்லிசு ஒயர்... ஆமா, அதான். நான் குடுத்த டெஸ்ட் லாம்பு இருக்கா?... பேட்டரிப் பக்கம் வேணாம், ஹீட்டர் பக்கம் இருக்கிற போல்ட்டுல வை.

எரியுதா?... மங்கலா எரியுதா. சாவி வெளியில இருக்குல்ல?... இப்போ அந்த மெல்லிசு ஒயரைப் பிடுங்கு. ரெண்டையும்... இப்போ?

இன்னும் எரியுது.

ஒண்ணுமில்ல. யோசிக்கிறேன்... ரிலே உள்ளுக்குள்ள உருகி ஒட்டிக்கிச்சுடா. நீ ஆஃப் பண்ண நேரத்துல இருந்து ஹீட்டர் விடாம எரிஞ்சிருக்கு. பேட்டரி செத்ததும்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு... இவ்வளவு நேரம் எரிஞ்சா ஃபியூஸ் போயிருக்கணும். அதான் எனக்கும் புரியல. ஃபியூஸ் பெட்டியைத் திற... பெரிய ஃபியூஸ் இருக்கிற இடத்துல என்ன இருக்கு?... கம்பியா? என்ன கம்பி?... முறுக்கின செம்புக் கம்பியா! எந்தப் படுபாவிடா வச்சது?... சர்வீஸ் விட்ட இடத்துலயா... சரி சரி, அவனை அப்புறம் திட்டிக்கலாம். முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டு. ஸ்பேனரை எடு. ஓடு.

உன் பொண்டாட்டி எங்க?... கேபின்லயா? தூங்குறாளா? எழுப்பு... எழுப்புடா, இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாதான், ஆனாலும் எழுப்பு. கீழே இறக்கு. ஆமா, குளிர்லதான்.

யாரு அது பேசுறது?... பின்னாடி நிக்கிற டேங்கர்காரரா. என்ன சொல்றாரு?... ஜம்பர் கேபிளா? வேணாம்னு சொல்லு... மாட்டிட்டாரா? டேய், எப்போ!... நீ ஸ்பேனர் எடுக்கப் போன நேரத்துலயா? கழட்டச் சொல்லு! அவர் பேட்டரி கரண்ட் மொத்தமும் அந்த ஹீட்டருக்குத்தான் போகும், இப்பவே செக்கச் செவேல்னு ஆகியிருக்கும்...

கையில என்ன வச்சிருக்காரு?... என்ன கேன்?... இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடிக்கிற ஸ்ப்ரேயா? பெட்ரோலை விட வேகமா பத்திக்குமேடா அது! காத்து போற குழாயிலயா அடிக்கப் போறாரு? டேய், தடு! ஸ்பீக்கர்ல போடு! அண்ணே! அண்ணே, அடிக்காதீங்க! உள்ள நெருப்பு இருக்குண்ணே! அண்ணே!

...

ஹலோ?... ஹலோ! என்னடா சத்தம் அது? பேசுடா... யாராவது பேசுங்களேன்!

...

ம்மா, நீயா! இறங்கிட்டியா?... அழாதே கண்ணு, அழாம சொல்லு. அவன் எங்க?... எழுந்துட்டானா. நடக்குறானா?... டேங்கர்காரர்?... கையிலயா, முகத்துலயுமா... கண்ணு தெரியுதாம்மா அவருக்கு?... சரி. பானெட் எரியுதா. எரியட்டும். யாரும் கிட்டப் போகாதீங்க.

அந்த டேங்கர்ல என்ன ஏத்தியிருக்கு?

...பெட்ரோலா.

அவன்கிட்டக் குடு. குடும்மா... டேய், கேளு. ஜம்பர் கேபிள் இன்னும் மாட்டியிருக்கா?... டேங்கர் பக்கத்து முனையைப் பிடுங்கு. உன் வண்டிகிட்டப் போகவே கூடாது. துணி சுத்திக்கோ... வந்துருச்சா?... வண்டி போனாப் போகுதுடா! பின்னாடி இருக்கிறவங்களை வழி விடச் சொல்லு. டேங்கரை நீ பின்னாடி எடு, அவரால ஓட்ட முடியாது. போனை அவகிட்டக் குடுத்துட்டுப் போ.

ம்மா, சொல்லு... ம்... ம்... நகரலையா?... பின் வண்டி ஒதுங்குதா... ஒதுங்கிருச்சா?... நகருதா? நிஜமாவா?... விடாம பாத்துச் சொல்லு... வளைவு தாண்டிட்டானா. சரி. நீயும் அந்தப் பக்கமே ஓடு. திரும்பிப் பாக்காதே. அந்த அண்ணனையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ.

...

டேய். நீதானா?... பேசாதே, முதல்ல மூச்சு விடு... ம். தெரியுது. டயர் வெடிக்கிற சத்தம் இங்க கேக்குது. மொத்தமும் போயிருச்சா... போகட்டும்டா. நீ இருக்கே, அவ இருக்கா. அந்த அண்ணன் கையில தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க. வரிசைக் கடைசியில நிக்கிற வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.

நான் கிளம்பி வர்றேன்... சரி, வழி பூரா வண்டி நிக்குதுதான், அடிவாரம் வரைக்கும் வர்றேன்... ஆமாடா, அந்தக் கராஜ்காரனை விடப் போறதில்ல. எப்போ விட்டே சர்வீஸுக்கு?... போன வாரமா. நீ தனியா போனியா?

...அப்பாவும் வந்தாரா?

அவர் லாரியையும் அங்கதான் விட்டாரா?... அதே ஆள்தான் ஃபியூஸ் பெட்டியையும் பாத்தானா?

அப்பா இப்போ எங்கடா இருக்கார்?... உனக்கு முன்னாடியா? மண் சரியிறதுக்கு முன்னாடியே மேல ஏறிட்டாரா... வண்டியை ஓரமா போட்டுட்டு உள்ளயே படுத்துக்கிறேன்னு சொன்னாரா?

வை. போனை வைடா. நான் அப்பாவுக்கு அடிக்கணும்... வைன்னு சொல்றேன்ல!