நாலு நிற மை

– வகுப்புக்குள்ள நான் வரமாட்டேன் டீச்சர். அந்த மூணு பிள்ளைங்களை மட்டும் வெளிய கூப்பிடுங்க. கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்.

– முதல்ல உட்காருங்கம்மா. தண்ணி குடிங்க.

– உட்கார நேரமில்ல டீச்சர், அரைகுறையா தைச்ச துணி மிஷின்லயே கிடக்கு. எம்பொண்ணு போய் ஒன்றரை மாசமாச்சு. மூணு நாள் காய்ச்சல், இப்படி அள்ளிட்டுப் போகும்னு யார் கண்டா? அவ கணக்குக் குழுவுல இருந்ததுங்க ஒன்னுகூட வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. கோபமில்ல. சின்னப் பிள்ளைங்க, சாவு வீடுன்னா பயப்படும்.

– எந்த மூணு பேரும்மா?

– நல்லாக் கேட்டீங்க போங்க! குழு பிரிச்சது நீங்க. பேரு எனக்குத் தெரியாது, அவ பட்டப்பேர்தான் சொல்லுவா. ஒருத்தி அவசரக்குடுக்கை, கேள்வியைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள விடையைச் சொல்லிடுவாளாம். ஒருத்தி அளவுகோல், கோடு இம்மி கோணினாலும் அழிச்சு அழிச்சுப் போடுவாளாம். மூணாவது ஏன்குட்டி. ஏன், ஏன்னு தொணதொணத்தே தப்பைக் கண்டுபிடிச்சிடுவாளாம்.

– உங்க பொண்ணு?

– எம்பொண்ணுதான் நடுவுல பூந்து சண்டையைத் தீத்து வைப்பா! "ஆளுக்கு ஒரு வேலைம்மா, ஒருத்தர் பேசினா மத்தவங்க காது குடுக்கணும், டீச்சர் சொன்னாங்க"ன்னு நான் பட்டன் தைக்கறப்போ பக்கத்துல நின்னு ஒரே கதை. மத்த நேரம் வாயில்லாப் பூச்சி. குழுன்னா வாய் ஓயாது.

– நான் சொன்னதுதான். எல்லாருக்கும் பொதுவா சொன்னது.

– இந்தாங்க, அவ நோட்டு. கடைசிக் கணக்கு பாதியில நிக்குது. அதுங்களே முடிக்கட்டும்னு கொண்டாந்தேன். ஆளுக்கு ஒரு கலர் மை, பாருங்க. பச்சை, ஏன்குட்டியோடது.

– அம்மா... இந்த ஏழாம் நம்பரைப் பாத்தீங்களா? நடுவுல சின்னதா ஒரு கோடு.

– அது எம்பொண்ணு பழக்கம். ஒன்னுன்னு யாரும் நினைச்சிடக் கூடாதாம்.

– பச்சையிலயும் இருக்கு. சிவப்புலயும் இருக்கு.

– கூடவே கிடந்தா ஒட்டிக்கத்தானே செய்யும்? ஏன் டீச்சர், உங்க முகமே வெளுத்துப் போச்சு! அழாதீங்க, அப்புறம் நானும் அழுதுடுவேன். இதையும் அதுங்ககிட்ட குடுத்துடுங்க. பேனா வைக்க மூணு பை. அவ கேட்டான்னு வெட்டுத்துணியில தைச்சது. குடுத்துட்டேம்மான்னுதான் சொன்னா. இப்போ பாத்தா அலமாரியில அவ துணிக்கு அடியில கிடக்கு. மறதிக்காரி.

– அவ மறக்கலம்மா.

– பின்ன? சண்டையா? மறைக்காம சொல்லுங்க. பிள்ளைங்க அவளை ஒதுக்கி வச்சிடுச்சா?

– பிள்ளைங்க இல்லம்மா. நான்தான். ஒரு வாரம் தாமதமா வந்து சேந்தா. அதுக்குள்ள குழுவெல்லாம் பிரிச்சாச்சு. "இப்போதைக்கு ஜன்னலோரம் தனியா உக்காந்து போடு, அப்புறம் சேத்து விடறேன்"னு சொன்னேன். "சரிங்க டீச்சர்"னு சிரிச்சா. அந்த அப்புறம் வரவே இல்ல.

– என்ன சொல்றீங்க? அப்போ அந்த மூணு பேரு?

– வகுப்புல நாப்பத்தோரு பேரும்மா. நாலு நாலா பிரிச்சா, மீதி ஒன்னு.