பாதிக் கயிறு

கேழ்வரகைப்போல அடக்கமான தானியம் வேறு இல்லை ஐயா. மண்ணில் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, கொட்டி மூடிவிட்டால் பல வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும். பூச்சி அண்டாது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கொஞ்சம் நிலம் உள்ள வீடுகளில் எல்லாம் இப்படி ஒரு குழி உண்டு. எங்களுடையது வாசலிலேயே இருந்தது, இரண்டு ஆள் ஆழம்.

மூடிய குழிக்குள் காற்று கெட்டுப்போகும். அதனால் மூடுகல்லைப் புரட்டியதும் யாரும் இறங்கமாட்டார்கள். தகர விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்போம். விளக்கு அடியைத் தொடும்போது கயிற்றில் போட்டிருக்கும் முடிச்சு குழியின் வாய்க்கு வரும். அப்போதும் சுடர் நின்றால் இறங்கலாம். அணைந்தால் அன்றைக்குக் குழியைத் திறந்துபோட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். கயிறு பிடிப்பது வீட்டுக்கு மூத்தவன் வேலை. என் தம்பி தர்மன் அந்தக் கயிற்றைத் தொட்டதே இல்லை.

அவனை வளர்த்தது நான். அம்மை கண்டு ஆத்தாவும் அப்பனும் போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. என் தட்டில்தான் தின்றான். சென்னம்மாளைப் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். நல்ல பெண். இன்றைக்கும் அவளை ஒரு குறை சொல்லமாட்டேன்.

இந்த ஜெர்மன் சண்டை வருஷத்தில், அறுப்பு முடிந்ததும் தர்மன் என் முன்னால் வந்து நின்றான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. நாங்க தனியா அடுப்பு வெச்சுக்கறமுங்க."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஊர்ப் பெரியவர்களும் அவன் பக்கமே பேசினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. எங்கள் வகையறாவில் பிரியாத வீடு எங்களுடையது ஒன்றுதான். சரி என்றேன். குழியைத் திறந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்றும் நானே சொன்னேன்.

காலையில் கல்லைப் புரட்டினோம். கயிற்றை விட்டேன். பாதி ஆழத்திலேயே சுடர் சுருங்கியது. கையை அங்கே நிறுத்திக்கொண்டேன். சுடர் நின்றது.

"எரியுதுங்களாண்ணா?" என்று கேட்டான் தர்மன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் சொன்னால் அவன் பார்க்கமாட்டான்.

"எரியுது" என்றேன். அது பொய்யில்லை ஐயா. எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஏணியில் இறங்கினான். கூடை விழுந்த சத்தம் கேட்டது. முறத்தோடு வந்த சென்னம்மாள் அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை.

"வெளக்கு எரிஞ்சுதுங்களா மாமா?"

"எரிஞ்சுது. தல சுத்தியிருக்கும். நீ எறங்கிக் கை குடுத்தா ஏறிருவான்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அவளை நான் தள்ளவில்லை. ஆனால் அவள் மேலே நின்றிருந்தால், தனி அடுப்பு கேட்கிற வாய் ஒன்று மிச்சம் இருந்திருக்கும்.

பிறகுதான் கயிற்றை முடிச்சுவரை விட்டேன். விளக்கு அணைந்தது. உள்ளே கூடையைப் பிறாண்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. அது ஓயும்வரை மூடுகல்லைக் குழியின் வாய்மேல் தள்ளிவைத்திருந்தேன், கோழி ஏதும் விழுந்துவிடக் கூடாதே என்று. அப்புறம் கல்லை நகர்த்திவிட்டு ஊரைக் கூப்பிட்டேன்.

ஊரே குழியைத் திட்டி அழுதது. நானும் அழுதேன். நடிப்பு இல்லை. தூக்கி வளர்த்த பிள்ளை அல்லவா.

என் சம்சாரம் தீர்த்தம்மாள் மட்டும் அழவில்லை. நான் முதலில் கயிறு விட்டபோது சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அப்போது அவளுக்கு அது உறைக்கவில்லை. கருமாதி முடிந்ததும் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"முடிச்சு குழி வாய்க்கு வராம உங்க காலடியிலயே கெடந்துச்சுங்களே" என்றாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். அங்கிருந்துதான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

அவள் சொன்னதெல்லாம் சரி. இரண்டு பேரையும் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். இந்தப் பெரியண்ணன் வீடு பிரிந்துபோனது என்று ஒருத்தனும் சொல்ல முடியாது. நேற்று நீங்கள் வந்தபோது எனக்கு நானே கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பார்த்திருப்பீர்களே ஐயா, அந்த வீட்டில் எரிந்தது ஒரே அடுப்புதான்.