வலப்பக்கத்துப் பூ

தேவராஜா மார்க்கெட்டில் பூ வாங்குவதென்றால் விடிந்ததுமே போய்விட வேண்டும் சார். வெயில் ஏறியபின் கிடைப்பதெல்லாம் நேற்றைய பூ. தண்ணீர் தெளித்துப் புதுசு போலக் காட்டுவார்கள். காம்பைக் கிள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் கிள்ளிப் பார்க்காமல் ஒரு முழம்கூட வாங்கியதில்லை. பூக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். என்ன செய்வது, தொழில் புத்தி. ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். மெஷினிலிருந்து வரும் உருப்படிகளை அளந்து, சரியாக இருந்தால் பச்சை மை, இல்லாவிட்டால் சிவப்பு மை வைப்பது என் வேலை.

என் மச்சினன் உமேஷ் கொடுத்த புகாரில், அக்காவை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகாமல் சாகவிட்டேன் என்று இருக்கிறதாம். அது தப்பு. மாதம் தவறாமல் கூட்டிப்போனேன். டாக்டரையே கேட்டுப் பாருங்கள். உமேஷ் நல்லவன்தான், கோபத்தில் சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டான். நடந்ததை நான் சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

கனகாவுக்கும் எனக்கும் கௌதள்ளிதான் ஊர். கல்யாணமாகி மைசூருக்கு வந்தோம். எங்கள் தெருவில் அந்தப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து கட்டிய சின்ன மாரியம்மன் கோயில் இருக்கிறது. கனகாவுக்கு வீடு பாதி, கோயில் பாதி. எதற்கெடுத்தாலும் அங்கே போய்ப் பூ கேட்பாள். உங்களுக்கும் தெரிந்திருக்கும். அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் பூ ஒட்டிவைத்து, மனதில் நினைத்ததைக் கேட்டு நிற்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் செய்யலாம். இடப்பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம்.

என்னைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தான். அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள், "உங்களப் பாத்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணலீங்க. ஆத்தா வலது பக்கம் குடுத்தா. சேரின்னுட்டேன்." கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தடவை அவளுக்கு டெங்கு வந்து பிழைப்பாளா என்று ஆகிவிட்டது. லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். ரத்தத் தட்டணுவுக்காக ஊரெல்லாம் அலைந்தேன். டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆட்டோவைக் கோயிலுக்குத் திருப்பச் சொன்னாள். அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டு அழுதாள். எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நீங்களும் பாவம், அலைஞ்சீங்க" என்றாள். ஆட்டோக்காரனுக்குச் சொல்வது போல இருந்தது.

ஆத்தா மேல் அவளுக்கு இருந்தது பக்தி. அதை நான் குறை சொல்லவில்லை. கொடுத்தாலும் ஆத்தா, கொடுக்காவிட்டாலும் ஆத்தா. எங்களுக்குக் குழந்தை இல்லை, அதற்காக ஒரு வெள்ளிக்கிழமை அவள் விளக்குப் போடாமல் இருந்ததில்லை. மனிதனை நம்புவது வேறு மாதிரி. அவன் செய்ததைப் பார்த்து, மறுபடியும் பார்த்து, மெல்ல மெல்ல வர வேண்டியது அது. நானும் செய்து காட்டிக்கொண்டேதான் இருந்தேன். அவளுக்கு அது வந்ததாக எனக்குத் தெரியவில்லை. மனது வெந்துபோயிற்று, மறைப்பானேன்.

போன வருடம் மழைக்காலத்தில் அவள் மார்பில் கட்டி. சோதித்துவிட்டு, புற்றுதான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஆரம்பம், ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் முக்கால்வாசிப் பேர் நன்றாக இருக்கிறார்கள், பயப்படாதீர்கள் என்றார். அவள் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "வெள்ளிக்கெழம பூ கேட்டுட்டுச் சொல்லலாமுங்க" என்றாள். நான் பக்கத்தில் நிற்கிறேன். "நீங்க என்ன சொல்றீங்க" என்று ஒரு வார்த்தை இல்லை.

பூசாரி பசவராஜுக்கு முழங்கால் வலி. பலகைமேல் ஏறி நிற்க முடியாததால் வெள்ளிக்கிழமை அலங்காரம் கொஞ்ச நாளாக என் பொறுப்பு. அன்று சாமந்தி வாங்கி வந்தேன், நல்ல கனமான பூ. வலது தோளில் வைத்த பூவுக்குச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பினேன். இடது தோளில் வைத்ததற்கு வெறும் தண்ணீர். இதைத்தான் நான் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. பசவராஜைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

உமேஷும் வந்திருந்தான். கற்பூரம் காட்டினார்கள். கனகா கைகூப்பி நின்றாள். மணி அடித்து முடிப்பதற்குள் இடப்பக்கத்துப் பூ விழுந்தது. உமேஷ்தான் பதறினான். "அக்கா, ஸ்வல்ப யோசி. இன்னொருக்கா கேட்டுப் பாப்போம்" என்றான். அதற்கு முன்னால் சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டிருக்கிறாள். அன்று மட்டும், "வேண்டாம்டா, சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆத்தா கைவிட்ட பிறகாவது என் பக்கம் திரும்புவாள், என்னங்க பண்ணட்டும் என்று கேட்பாள், கேட்டால் பூவாவது மண்ணாவது, வா போகலாம் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன் என்று இருந்தேன். பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் திட்டுவார். அவள், "பாக்கலாமுங்க டாக்டர்" என்பாள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கேட்கட்டும், கேட்கட்டும் என்று நானும் பேசாமல் ஓட்டுவேன். கட்டி வளர்ந்தது.

மார்கழியில் ஒருநாள் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இப்போதும் கைமீறவில்லை, முதலில் மருந்து ஏற்றிவிட்டு ஆபரேஷன் செய்யலாம், நல்ல வாய்ப்பு இருக்கிறது, இதற்குமேல் தள்ளிப்போட்டால் என்னால் ஒன்றும் ஆகாது என்றார். அடுத்த வாரமே கட்டில் ஒதுக்கித் தருவதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தோம். அவள் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வெயில் உள்ளேவரை வந்திருந்தது. தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"அன்னைக்கு வலது பக்கத்துப் பூவுக்கு ஏன் அத்தன சந்தனம் அப்புனீங்க?"

அவள் கோபமாக இல்லை.

"வெளக்குக்குத் திரி போட்டுட்டு இருந்தப்ப பாத்தனுங்க. மொதல்ல ஒண்ணும் வெளங்கல. அப்புறம் வெளங்குச்சு. டாக்டரு உங்ககிட்டத் தனியா என்னமோ சொல்லியிருக்காரு. கத்தி வெச்சா இவ தாங்க மாட்டான்னு சொல்லியிருப்பாரு. அத எங்கிட்டச் சொல்ல உங்களுக்கு மனசு வரல, ஆத்தா மேல போட்டுட்டீங்க. அப்பிடித்தானுங்களே?"

இன்னொரு அவரைக்காயை எடுத்தாள்.

"ஆத்தா குடுத்த பூவா இருந்தா உமேஷு சொன்னாப்ல இன்னொருக்கா கேட்டிருப்பனுங்க. அவகிட்ட நான் எத்தன தடவ சண்ட போட்டிருக்கேன். அது நீங்க வெச்ச பூ. உங்கள எதுக்கு நான் ரெண்டாந்தடவ கேக்கோணும்? எனக்குக் கெடுதலா செய்வீங்க?"

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உரித்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது. என் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு பகல் வந்ததில்லை. அம்மனைச் சந்தேகப்படுகிறவள் என்னைச் சந்தேகப்படவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

டாக்டர் காலையில் சொன்னது மறந்துபோகவில்லை சார், காதிலேயே இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். பிழைத்துவந்து நேரே கோயிலுக்குப் போய், என் பாவி புருஷனிடமிருந்து காப்பாற்றினாயே தாயே என்று விழுந்து கும்பிட்டிருப்பாள். என்னை அதற்கப்புறம் எந்தக் கண்ணால் பார்த்திருப்பாள்? இத்தனை வருடம் காத்திருந்து கைக்கு வந்ததை அன்று மத்தியானமே தொலைக்கச் சொல்கிறீர்களா?

"ஆமா கனகா. டாக்டர் அப்படித்தான் சொன்னாரு" என்றேன்.

"எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்லி, எழுந்து உலை வைக்கப் போனாள்.

பங்குனியில் போய்விட்டாள். வலி அதிகமாக இருந்தது. கடைசி நாட்களில் உமேஷ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர் என்று. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்: "மச்சானுக்குத் தெரியும்டா, விடு." சாகும்வரை அவள் என்னை அப்படி நம்பினாள். நானும் அந்த நம்பிக்கைக்குக் கடைசிவரை ஒரு குறையும் வைக்கவில்லை.