நாற்பது சிவப்பு

டீயில் சர்க்கரை போதும் இன்ஸ்பெக்டர் சார். ஆமாம், கடற்கரைக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். அக்கா புருஷனை ஒரு நாளாவது இந்த நகரத்துப் புகையிலிருந்து வெளியே கூட்டிப்போக நினைத்தது குற்றமென்றால், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாமா தங்கமான மனிதர். நான்கு வருடமாக அவர் வீட்டில் ஒண்டியிருந்தேன். வாரத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. அவருக்கு ஒரே ஒரு பழக்கம். நூலகத்திலிருந்து நான் எடுத்துவரும் நாவல்களில் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, சாப்பிடும்போது அறிவிப்பார்.

"மாப்ளே, அந்த டாக்டர் பொண்டாட்டி ஓடிப்போனவ திரும்பி வரவே இல்ல. இனிமே நிம்மதியாத் தூங்கு."

அக்காவும் சிரிப்பாள். இப்படி முப்பத்தோரு நாவல்கள்.

எனக்கு நூல் கடையில் வேலை. தையல்காரர்கள் துணித்துண்டைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருந்துகிற நூல்கண்டை எடுத்துத் தர வேண்டும். சிவப்பில் மட்டும் நாற்பது வகை எனக்குத் தெரியும். மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான், பிறவியிலேயே அப்படி. சட்டை வாங்கினாலும் தக்காளி வாங்கினாலும் என்னைத்தான் கேட்பார். "நீதான்டா என் கண்ணு" என்பார்.

அந்தக் கடற்கரை ஊர் அமைதியானது. முந்தைய வாரமே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பயண விஷயத்தில் எனக்கு முன்யோசனை அதிகம். ஒரு மணிக்குக் கடற்கரைக் காவலாளி சாப்பிடப் போய்விடுவார். கொடி மட்டும் நிற்கும். பச்சையென்றால் குளிக்கலாம், சிவப்பென்றால் கூடாது.

பேருந்தில் என் புது நாவலைப் பிடுங்கி, கடைசிப் பக்கத்தைப் பார்த்து மாமா கண்ணடித்தார். "இப்பச் சொல்ல மாட்டேன். குளிச்சிட்டு வந்து சொல்றேன்."

கரையில் சட்டையைக் கழற்றினார். "கொடி என்ன கலர்டா?"

"பச்சை மாமா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. அலை பெருசா இருக்கே."

"பச்சையேதான். காத்துக்கு அப்படித் தெரியுது."

நன்றாகப் பார்த்துத்தான் சொன்னேன். எங்கள் கடையில் மூன்றாவது தட்டில் இருக்கும் இருபத்தேழாம் நம்பர் சிவப்பு. வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து மாமா கையைத் தூக்கினார். நானும் மரியாதைக்குக் கை காட்டினேன். பிறகு மணலில் உட்கார்ந்து நாவலைத் திறந்தேன். இருபது பக்கம் மிச்சமிருக்கும்போது கூட்டம் கூடிவிட்டது.

அக்கா மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். பாவம், கடைசிப் பக்கத்தை அவளுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

கடையில் சேர்ந்த இந்த ஒன்பது வருடத்தில் நான் தப்பான நிறம் சொன்னது அந்த ஒருமுறைதான். முதலாளியைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த நாவல் உங்கள் கையில்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் விரல் வைத்திருக்கிறீர்கள். கேட்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், முடிவை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.