தொடரில் இல்லாத வசனம்

இரவு பத்தரை மணி. மரக்கடையைத் தாண்டினால் அந்தத் தெருவில் விளக்கே கிடையாது. கடைசி வீடு. அதில் ஒருத்தி தனியாக... டிவி முன்னால்.

சிரிக்காதீர்கள். என்னோடு எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறாளே ஒரு தோழி, அவளுடைய பெரியம்மா மகள்களுக்கு நடந்தது இது. அக்கா தையல்காரி, கல்யாணமானவள். தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை. அந்தக் கடைசி வீட்டில் இருந்தவள் அவள்தான். இரண்டு பேருக்கும் ஒரு ரத்தக்காட்டேரி நாவல் வரிசை என்றால் உயிர். ஏழு பாகம். அட்டை பிய்ந்ததும் அக்கா மிஷினிலேயே தைத்து வைத்திருந்தாள். வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அதை டிவியில் தொடராக எடுத்தார்கள். விடுவார்களா? வாராவாரம் அவரவர் வீட்டில் டிவி, நடுவில் போன், ஸ்பீக்கரில். "புத்தகத்துல இப்படியா இருக்கு? கெடுத்துட்டானுங்க!" என்று ஒரே புலம்பல். அக்கா புருஷன் தலையில் அடித்துக்கொள்வான். "உங்க ரெண்டு பேரையும் பாத்தா காட்டேரியே ஓடிடும்."

நான்காவது வாரம். செத்தவன் திரும்பி வந்து கதவைத் தட்டும் கட்டம். உள்ளே இருப்பவர்கள் கூப்பிடாமல் காட்டேரி வீட்டுக்குள் வர முடியாது. புத்தகத்தில் கதாநாயகி கூப்பிட்டுவிடுவாள். தட்... தட்... தட். அக்கா வழக்கம்போல முந்திக்கொண்டாள். "உள்ள வா. உனக்காகத்தான் காத்திருக்கேன்."

திரையில் கதாநாயகி வாயே திறக்கவில்லை. அந்த இடத்தை மாற்றியிருந்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டது அக்கா மட்டும்தான். அவள் குரல் போன் வழியாகத் தங்கை வீட்டுக்குள் கேட்டிருந்தது.

தட்... தட்... தட். டிவியில் இல்லை. போனில்.

"அக்கா, யாரோ கதவத் தட்டுறாங்க."

"திறக்காதடி!"

"நான் திறக்கலையே..." தங்கைக்கு மூச்சு வாங்கியது. "நீதான் வான்னு சொல்லிட்டியே."

தாழ்ப்பாள் நகரும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

அக்காவும் புருஷனும் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். தங்கை உயிரோடுதான் இருந்தாள். சோபாவில் உட்கார்ந்து, "என்ன இந்த நேரத்துல?" என்று சிரித்தாள். வீடு முழுக்க ஈரமண் வாடை. புருஷன் சலித்துக்கொண்டு திரும்பினான். அக்கா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்றிலிருந்து தங்கை இருட்டிய பிறகுதான் அக்கா வீட்டுக்கு வருகிறாள். "அக்கா" என்று கத்திக்கொண்டே அடுப்படிவரை வந்துகொண்டிருந்தவள்... இப்போது வாசலோடு நின்றுவிடுகிறாள். "வான்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டியாக்கா?" அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாளாம். சொல்ல மட்டும் மாட்டாள். தூக்கி வளர்த்த தங்கையை வா என்று கூப்பிட முடியாத கொடுமை எதிரிக்கும் வேண்டாம். புருஷனிடம் சொன்னால், "முதல்ல டிவிய நிறுத்து, எல்லாம் சரியாயிடும்" என்பான்.

போன வாரம் ஒரு ராத்திரி இதையெல்லாம் அக்கா என் தோழிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில்... வாசலில் பைக் வந்து நின்றது. புருஷன் வேலை முடிந்து வந்திருக்கிறான். அவன் குரல் தோழிக்கே தெளிவாகக் கேட்டதாம்.

"என்னம்மா, அக்கா வீட்டு வாசல்லயே நிக்கிற? உள்ள வா."

 செருப்பு கழற்றும் சத்தம்தான் கேட்டது. ஒன்று... அப்புறம் இன்னொன்று.