கண்ட பங்கு

நடுச்சாமம் தாண்டிய நேரம். கொமரலிங்கத்திலிருந்து ஆற்றை ஒட்டிப் போகும் மண் தடம். ஒரு பக்கம் மக்காச்சோளம், இன்னொரு பக்கம் வேலங்காடு. நடுவில் ஐந்து ஆண்கள், ஒரு நாய்... பேச்சே இல்லை.

கதை அங்கேதான் ஆரம்பம். டார்ச்சை அணை, ஜாவித். கரண்ட் இல்லை, கம்பெனி ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவன் வருவதற்குள் உன் போன் செத்துவிடும். அட்டைப்பெட்டிகள் மேல் யாரும் சாயாதீர்கள், நாளைக்குப் போக வேண்டிய சரக்கு. தபஸ்ஸும், பயமாக இருந்தால் இப்போதே எழுந்து போய்விடு. பாதியில் என் கையைப் பிடித்துக் கிள்ளினால் சும்மா இருக்க மாட்டேன்.

"இல்லக்கா, சொல்லுங்க. நான் கிள்ள மாட்டேன்."

பார்ப்போம்.

இது எனக்கு நடந்ததில்லை. செக்கிங்கில் எனக்குப் பக்கத்து மேசையில் நிற்பாளே ஒச்சாயி, அவள் தம்பிக்கு நடந்தது. பெயர் மொக்கைச்சாமி. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினான். பெண்டாட்டி காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே பிள்ளை, அனுப்பிரியா, இரண்டாம் வகுப்பு. ஷிப்டு முடிந்து வந்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்கு ரெட்டைச் சடை பின்னிவிடுவான். இந்த ஊரில் எத்தனை ஆண்பிள்ளைக்கு அது வரும்? நல்ல தகப்பன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன்மேல் எனக்குக் கோபம் உண்டு.

மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்கள். சனிக்கிழமை சம்பளம் கையில் வந்தால் சிலர் சினிமாவுக்குப் போவார்கள், சிலர் குடிப்பார்கள். இவன் வேட்டைக்குப் போவான். கொமரலிங்கத்தில் ஆத்தப்பன் என்று ஒரு விவசாயி. ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து சோளத்தை உழுதுவிட்டுப் போகிறது என்று அவர்தான் கூப்பிட்டார். சட்டப்படி குற்றம், பிடித்தால் ஜெயில். தெரிந்தேதான் போனார்கள். இவன், ஒச்சாயி புருஷன் முனீஸ், ஊர்க்காரர்கள் இரண்டு பேர், பிறகு அந்த ஆத்தப்பன்.

அவர்கள் ஊர் வேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. கறியைக் கூறு போடும்போது எல்லாருக்கும் ஒரு பங்கு, நாய்க்கும் பங்கு. மிருகத்தை யார் முதலில் கண்ணால் பார்த்துக் காட்டினானோ அவனுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. அதற்குக் கண்ட பங்கு என்று பெயர். அதை வாங்கியவன் கூட்டத்தில் ஓர் ஆள். அடுத்த முறை அவன் எதைக் காட்டினாலும் மொத்தக் கூட்டமும் அதன் பின்னால் போயாக வேண்டும். காட்டியதை விட்டுவிட்டு வீடு திரும்பக் கூடாது. இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதனால் வந்த வினைதான்.

மொக்கைச்சாமி ஆன்லைனில் ஒரு கேமரா வாங்கினான். பச்சை நிறம், செங்கல் அளவு. மரத்தில் வாரால் இறுக்கிக் கட்டிவிட்டால் போதும். முன்னால் எது அசைந்தாலும், கும்மிருட்டாக இருந்தாலும் படம் பிடிக்கும். உள்ளே சிம் கார்டு இருக்கிறது. படம் அப்படியே போனுக்கு வந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படம், அடியில் தேதி, வெப்பம், பக்கத்தில் ஒரு குட்டி நிலா. பன்றி எந்தப் பக்கம் வருகிறது, எப்போது வருகிறது எல்லாம் படுத்த இடத்திலேயே தெரிந்துவிடும். நேரே போய் அடிக்க வேண்டியதுதான்.

முனீஸுக்கு அது பிடிக்கவில்லை. ஒச்சாயி வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேருக்கும் சண்டை. நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"அதைக் கழட்டிப் போடு மாப்ள. கால் வலிக்கத் தேடணும், கண்ணால பாக்கணும். அப்பத்தான் அது வேட்டை. இல்லைன்னா கறிக்கடை."

"நீங்க பைக்குல வர்றீக, டார்ச்சு அடிக்கிறீக, போன்ல பேசிக்கிட்டே வளைக்கிறீக. கேமரா மட்டும் ஆகாதாக்கும்?"

"டார்ச்சு என் கையில இருக்கு. நான் அடிச்சா வெளிச்சம், நான் அணைச்சா இருட்டு. இது நம்ம இல்லாத நேரத்துல பாக்குதேடா."

மொக்கைச்சாமி சிரித்தான். மச்சானுக்கு வயதாகிவிட்டது என்றான். மாதம் ஒரு தடவை மட்டும் வைக்கலாம், சினைப் பன்றி தெரிந்தால் போகக் கூடாது என்று என்னென்னவோ பேசிப் பார்த்தார்கள். ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் முனீஸும் கூடவே கிளம்பினான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. வேண்டாம் என்று வாயால் சொல்வான், கால் பின்னாலேயே போகும்.

அந்த ராத்திரிதான் முதலில் சொன்ன ராத்திரி. போனில் படம் வந்த இடத்துக்கே போனார்கள். பன்றி அங்கேயே நின்றது. சோளத் தோகை சரசரவென்று ஒரு சத்தம்... வேல்கம்பு பாய்ந்தது. முடிந்தது.

கூறு போடும்போது வந்தது வம்பு. கண்ட பங்கு யாருக்கு? கேமரா என்னுடையது, எனக்குத்தான் என்றான் மொக்கைச்சாமி. நாய்தான் முதலில் உறுமியது, நாய்க்குப் போடு என்றான் ஒருவன். ஆத்தப்பன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே கேலி பேசினார்.

"ஏனுங்க, நீங்க ஆருமே பாக்கலீங்களே. மிசினுதானுங்க பாத்துச்சு. அப்ப அதுக்குத்தானுங்களே பங்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். மொக்கைச்சாமிக்கு அந்தச் சிரிப்பு ஏறிவிட்டது. ஈரலில் ஒரு துண்டை அறுத்தான். சோளத் தோகையில் சுற்றினான். மரத்தில் கேமரா கட்டியிருந்த வாரில் கொண்டுபோய்த் தொங்கவிட்டான். ஊரில் சொல்வதுபோலவே கைகூப்பி, "கண்டவனே, உன் பங்கு" என்றான். ரத்தம் கேமரா மேல் சொட்டியது. அப்போது கேமராவுக்குள் டிக் என்று ஒரு சத்தம்... அவன் சட்டைப்பையில் போன் வெளிச்சம். ஐந்து பேரும் இளித்துக்கொண்டு நிற்கிற படம். நாய் மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தது.

மறுநாள் ராத்திரி ஒரு படம் வந்தது. மரம் இல்லை, சோளம் இல்லை. தாராபுரம் ரோட்டில் ஒரு சின்னப் பாலம். அடுத்த நாள் ராத்திரி, பொங்கலூர்ப் பக்கம் ஒரு காற்றாலையின் அடிப்பகுதி. எந்த ஜீவனும் படத்தில் இல்லை. யாரோ கேமராவைத் திருடிக்கொண்டு பைக்கில் வருகிறான் என்று நினைத்தான். நினைப்போமா மாட்டோமா? விடிந்ததும் கொமரலிங்கம் போய்ப் பார்த்தான். கேமரா கட்டிய இடத்திலேயே இருந்தது. கண்ணாடிக்குக் குறுக்கே சிலந்தி கூடு கட்டியிருந்தது. தொங்கவிட்ட ஈரலை மட்டும் காணோம். தோகை சுற்றினபடியே இருந்தது, முடிச்சு அவிழாமல்.

அன்று ராத்திரி வந்த படத்தில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி கேட். அதற்கு அடுத்து அவர்கள் லைன் வீட்டுச் சந்தில் இருக்கிற தண்ணீர்க் குழாய்.

அதற்கு அடுத்து... அனுப்பிரியா.

பாயில் தூங்குகிறாள். எக்ஸ்போர்ட்டில் கழித்துத் தள்ளிய பெரிய டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து. மேலேயிருந்து எடுத்த மாதிரி இருந்தது. படத்தின் அடியில் தேதி, வெப்பம், குட்டி நிலா. அவன் அந்தப் பாயிலேயே, பக்கத்திலேயே படுத்திருந்தான். படத்தில் அவன் படுத்திருந்த இடம் காலி.

யார் கையைக் கிள்ளுகிறது? நான் அப்போதே சொன்னேனா இல்லையா?

மொக்கைச்சாமியும் முனீஸும் ஓடிப்போய்க் கேமராவை அவிழ்த்தார்கள். கல்லால் அடித்து நொறுக்கி ஆற்றில் போட்டார்கள். அன்று ராத்திரியும் படம் வந்தது. போனை விற்றான். ஒச்சாயி போனுக்கு வந்தது. பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய்ச் சித்தப்பா வீட்டில் வைத்தான், அங்கே ஓட்டைப் பிரித்துப் பார்த்தது மாதிரி அதே உயரத்திலிருந்து ஒரு படம். போலீஸுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். போய் என்ன சொல்வது? வேட்டைக்குப் போனோம் என்பதில் ஆரம்பிக்க வேண்டுமே. ஊர்ப் பூசாரியைப் போனில் கேட்டார்கள். அவர், "குடுத்த பங்கைத் திருப்பி வாங்க வழி இல்லையப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம்.

ஒச்சாயி அந்தப் படங்களை என்னிடம் காட்டினாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் வேலையே ஓடவில்லை. ஓட்டை விழுந்த பீஸையெல்லாம் பாஸ் போட்டு அனுப்பி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, பாருங்கள். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. பள்ளிக்கூடம் போகிறாள், சிரிக்கிறாள், வாய்ப்பாடு சொல்கிறாள். அதனாலேயே யாரிடமும் எதையும் சொல்ல முடியவில்லை.

முதலில் மாறியது மொக்கைச்சாமியின் வேட்டை நாய்தான். அந்தப் பிள்ளை கையால் பிஸ்கட் தின்று வளர்ந்த நாய் அது. ஒரு நாள் சாயங்காலம் அவள் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். நாய் அவளுக்கு எதிரே வந்து நின்றது. ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, வாலை நீட்டி, மூச்சுக்கூட விடாமல். வேட்டையில் இரையைக் கண்டால் அப்படித்தான் நிற்குமாம். மொக்கைச்சாமி கத்தியும் திரும்பவில்லை. சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போய், தெரிந்தவர் தோட்டத்தில் விட்டு வந்தான். ராத்திரி திரும்பி வந்து சந்தின் முனையில் உட்கார்ந்திருந்தது. குரைக்கவே இல்லை.

நான் அந்த வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் ஒரு வாடை. சேறும் பன்றி மயிரும் பச்சை ரத்தமும் கலந்த வாடை. சுண்ணாம்பு அடித்த சுத்தமான அறை, ஊதுபத்தி வேறு எரிகிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிள்ளை எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்க முடியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னேன். வேறு என்ன செய்ய?

பிறகு வந்த படம்தான் மொக்கைச்சாமியை உடைத்தது. பாயில் பிள்ளை தூங்குகிறாள். பாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறான். கையில் வேல்கம்பு. கண் இரண்டும் வெள்ளைப் புள்ளி, வெளிச்சம் அடித்தால் மிருகத்துக்கு மின்னுமே, அப்படி.

அவன்தான்.

எழுந்த நினைவே அவனுக்கு இல்லை. விடியற்காலை கண் விழித்தபோது கம்பு தலைமாட்டில் இருந்ததாம். ஒச்சாயிக்கு ஊரில் இருக்கும் வீட்டின் பரணில் கிடந்த கம்பு அது.

பொழுது விடியும் முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஒச்சாயி மடியில் போட்டான். "இனி நான் அவ பக்கத்துல வரக் கூடாதுக்கா" என்றான். தாராபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்துவிட்டான். அங்கே ஹாஸ்டல், சுற்றிச் சுவர், கேட்டில் வாட்ச்மேன். படுக்கும் முன் அறையை வெளியே பூட்டச் சொல்லிச் சாவியை வாட்ச்மேனிடமே கொடுத்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒச்சாயி பிள்ளையைக் கூட்டிப்போனாள். கேட்டைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கம்பிக்கு வெளியே பிள்ளை முதுகைக் காட்டி நின்றாள். அவன் கம்பி வழியாகக் கையை விட்டு ரெட்டைச் சடை பின்னினான். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே என்று வந்ததாம். இதைச் சொல்லும்போது ஒச்சாயி அழுதாள். நானும் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

அவனைத் தவிர யாரிடம் அந்தப் பிள்ளையை ஒப்படைப்பது? ஒச்சாயியிடம். ஒச்சாயி வீட்டில் யார் இருக்கிறான்? முனீஸ். அவனும் அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவன். அவனும் பங்கு வாங்கியவன், காட்டியதன் பின்னால் போயாக வேண்டியவன். இது எங்கள் யார் மண்டைக்கும் அப்போது ஏறவில்லை.

போன வாரம் ஒரு நாள் காலையில் பிள்ளை எழுந்து பல் தேய்த்தாள். இட்லி சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, பள்ளிக்கூடத்துக் கதை சொல்வதுபோலச் சொன்னாள்.

"ராத்திரி அப்பா வந்தாரு அத்தை. மாமா எந்திருச்சுப் போயி அவருகூட நின்னாரு. இன்னும் மூணு பேரு வந்தாங்க. எல்லாரும் என்னையச் சுத்தி நின்னாங்க. ஆருமே பேசலை."

ஒச்சாயி மில்லுக்குப் போன் போட்டாள். பூட்டினது பூட்டினபடியே இருக்கிறது, ஆள் உள்ளே குறட்டை விடுகிறான் என்றார் வாட்ச்மேன்.

"அப்பா மட்டும் அழுதாரு அத்தை. குனிஞ்சு என் காதுல சொன்னாரு."

ஒச்சாயி போனைக் கீழே வைத்தாள். பிள்ளையே சொன்னாள்.

"ஓடு தங்கம்னு சொன்னாரு."

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அது என்ன, யார், எதற்கு... என்னைக் கேட்காதீர்கள்.

அந்தப் பிள்ளை இப்போது ராத்திரியில் பள்ளிக்கூட ஷூவைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள். கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்கிறாளாம்.