சீல் வைத்த பாட்டில்

அக்கா: ...கத்தாதடா. லேப்ல எல்லாமே கண்ணாடிச் சாமான்.

தம்பி: பின்ன கொஞ்சவா? அந்தத் தோல் ஆலைத் தண்ணியில குரோமியம் அனுமதிச்ச அளவைப்போல ரெண்டு மடங்குன்னு எழுதியிருக்க.

அக்கா: மெஷின் சொன்னதை எழுதினேன்.

தம்பி: மெஷினுக்கு என்னமோ ஆயிடுச்சு.

அக்கா: மூணு தடவை ஓட்டினேன். மூணு தடவையும் அதே பிடிவாதம்.

தம்பி: தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சுக்கா...

அக்கா: தோல் ஆலைக் கழிவா?

தம்பி: ...சுத்திகரிச்சுத்தானே விடறாங்க.

அக்கா: போன வாரம் அதுல கால் வச்சு உன் செருப்பு நீலமாச்சு.

தம்பி: அது... போன வாரம்.

அக்கா: இன்ஸ்பெக்டர் சார், நீங்கதானே ஓடையில இறங்கிப் புடிச்சீங்க?

தம்பி: இறங்காம, பறந்தா புடிப்பேன்?

அக்கா: சீல் மேல உன் கையெழுத்து இருக்கு. 'எங்க ஆலைத் தண்ணிதான்'னு மேனேஜர் கையெழுத்தும் இருக்கு. சட்டப்படி எல்லாம் சுத்தம். அப்புறம் என்னடா?

தம்பி: அந்த மேனேஜர் போன்ல அழறார். ஆலையை மூடச் சொல்லி நோட்டீஸ் போயிடுச்சாமே?

அக்கா: காலையில பத்து மணிக்கே.

தம்பி: வேற பாட்டில் கொண்டு வரேன். மறுசோதனை...

அக்கா: தாராளமா. முதல் பாட்டில் தப்புன்னு எழுதிக் கொடு. ஏன் தப்புன்னும் எழுது. இந்தா பேனா.

தம்பி: கொடு... 'முதல் பாட்டில் தப்பு, ஏன்னா'...

அக்கா: மை வரலையா?

தம்பி: அக்கா... அது ஆலைத் தண்ணியே இல்ல. எப்படியாவது பாஸ் பண்ணிடுன்னு பெரிய இடத்துலேர்ந்து சொன்னாங்க. நம்ம வீட்டு சமையலறைக் குழாயில புடிச்சேன். மேனேஜர் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

அக்கா: ம்.

தம்பி: என்ன ம்? அப்போ நம்ம குழாய்ல வர்றது...

அக்கா: குடிநீருக்கு வச்ச அளவு இல்லடா அது. சாக்கடைக்கு சட்டம் போனாப் போகுதுன்னு விட்டுக்கொடுத்த அளவு. அதையே தாண்டியிருக்கு.

தம்பி: நீ ஏன் கொஞ்சம்கூட அதிரவே இல்ல?

அக்கா: நீ பாட்டிலை நிரப்பினப்போ பின்னாலதான் நின்னுட்டிருந்தேன். அந்தக் குழாயை நான் போன மாசமே சோதிச்சாச்சு; ஆலைக் கழிவுதான் நிலத்துல இறங்கி அதுல வருது. அன்னையிலேர்ந்து நாம குடிக்கிறது கேன் தண்ணி. நாலு மனு எழுதினேன்... வீட்டுக் குழாயை வச்சு ஆலை மேல கை வைக்க சட்டத்துல இடமில்லைன்னாங்க. அதே தண்ணிக்கு மேனேஜரும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு, என் மேஜைக்கே அனுப்பி வச்சா... நான் எதுக்குடா குறுக்க பேசப்போறேன்?